மூடிய கிணறு வேறு, அடைத்த கிணறு வேறு: கரியமில வாயுவைப் புதைப்பதற்கு முன் பழைய கிணறுகளை மதிப்பிடும் முறை

காரிமங்கலம் பக்கம் ஒரு கொல்லையில் புதிதாக போர் போடுகிறார்கள். ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்று 600 அடிக்குக் கீழே ஒரு பாறை வெடிப்பைத் தொட்டதும், இரண்டு கொல்லை தள்ளி வருடக்கணக்காக வறண்டு கிடந்த பழைய போரிலிருந்து புஸ்ஸென்று காற்றும் செம்மண் கலங்கலும் கிளம்புகின்றன. அந்தப் போரின் வாயை ஒரு பலகைக் கல்லால் மூடித்தான் வைத்திருந்தார்கள், கல் ஆடுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணறு வெட்டுவதையே பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பான காட்சி அல்ல. ஆனால் கரியமில வாயுவை நிலத்தடியில் நிரந்தரமாகப் புதைக்கும் தொழிலில் உள்ள மிகப் பெரிய கவலை இந்தக் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. ஓரிடத்தில் அழுத்தத்துடன் உள்ளே செலுத்தியது, யாரும் நினைத்திராத வேறொரு பழைய துளையின் வழியே மேலே வந்துவிடக்கூடும்.

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் பொறியியல் முடித்துவிட்டு எண்ணெய், எரிவாயு வயல்களுக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நம் மாவட்டங்களின் அடியில் கரியமில வாயுவைச் சேமிக்கும் வழக்கமான முறைக்கு இடமில்லை. இங்கே இருப்பது நைஸ், கிரானைட், சார்னோக்கைட் போன்ற கெட்டிப் பாறை. வாயுவை ஏற்கும் துளைகள் அதில் இல்லை, இருக்கும் வெடிப்புகளோ மேற்பரப்பு வரை தொடர்பு கொண்டிருக்கக்கூடியவை. தென்னிந்தியச் சார்னோக்கைட்டின் படிகங்களுக்குள் பல கோடி ஆண்டுகளாகக் கரியமில வாயு நுண்குமிழிகளாக அடைபட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். இயற்கைக்கு முடிந்த அந்தக் காரியம் பம்பு வைத்துச் செலுத்தும் நமக்கு முடியாது. சேமிப்புக்கு மணற்கல் போன்ற துளையுள்ள தேக்கப்பாறையும், அதன்மேல் களிப்பாறை போன்ற கசியாத மூடுபாறையும் தேவை. தமிழகத்தில் அப்படிப்பட்ட அடுக்குகள் காவிரிப் படுகையில் இருக்கின்றன. நரிமணம் போன்ற வயல்களில் எண்ணெய்க் கிணறுகளும் அங்கேதான் தோண்டப்பட்டன. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு 2020ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது என்பதால் அங்கே சேமிப்புத் திட்டம் வருவது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எங்கே வந்தாலும் பழைய கிணறுகளைப் பார்க்கும் முறை ஒன்றுதான்.

கரியமில வாயு 31 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கு மேலும் திரவமும் வாயுவும் அல்லாத ஒரு செறிந்த நிலையை அடைகிறது. தரைக்குக் கீழே ஏறத்தாழ 800 மீட்டர் ஆழத்தில் இந்த நிலை அமையும் என்பதால்தான் சேமிப்பிடங்கள் அதற்குக் கீழே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. செறிந்த பின்பும் அது அங்குள்ள உப்புநீரை விட எடை குறைந்தது. எனவே எப்போதும் மேலே ஏறத்தான் பார்க்கும். மூடுபாறை அதைத் தடுக்கிறது. அந்த மூடுபாறையை ஊடுருவிச் சென்ற ஒவ்வொரு பழைய கிணறும் அந்தத் தடுப்பில் மனிதன் போட்ட ஓட்டை. மதிப்பிடுகிறவர் விடை தேட வேண்டிய கேள்வி, அந்த ஓட்டை மூடுபாறை இருக்கும் ஆழத்தில் குழாயின் உள்ளும் புறமும் சேர்த்து அடைபட்டிருக்கிறதா என்பது மட்டுமே. தரையில் தெரியும் மூடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

எல்லையை வரைதல்

எந்தக் கிணறுகளைப் பார்ப்பது என்பதை முடிவு செய்ய இரண்டு வட்டங்கள் வேண்டும். செலுத்தப்படும் வாயு எவ்வளவு தூரம் பரவும் என்பது சிறிய வட்டம். செலுத்துவதால் ஏறும் அழுத்தம் எவ்வளவு தூரம் உணரப்படும் என்பது அதைவிடப் பல மடங்கு பெரிய வட்டம். புதியவர்கள் பெரும்பாலும் முதல் வட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். வாயு எட்டாத இடத்திலும் அழுத்தம் எட்டினால், ஆழத்து உப்புநீர் ஒரு பழைய கிணற்றின் வழியே ஏறி மேலுள்ள நன்னீர் அடுக்கில் கலந்துவிடலாம். 10 மீட்டர் நீர்த்தம்பத்துக்கு ஏறத்தாழ 1 பார் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, எவ்வளவு அழுத்தம் கூடினால் உப்புநீர் நன்னீர் அடுக்கு வரை உயரும் என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு அழுத்தம் கூடும் பகுதி முழுவதையும் ஆய்வு எல்லைக்குள் கொண்டுவர வேண்டும். அமெரிக்காவில் கரியமில வாயுவைப் புதைக்கும் கிணறுகளுக்கென 2010இல் வந்த ஆறாம் வகுப்புக் கிணறு விதிகள் இத்தகைய ஆய்வுப் பரப்பைக் கட்டாயமாக்கியதோடு, 5 ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளியில் அதை மறுபடி கணக்கிட வேண்டும் என்றும் சொல்கின்றன.

ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டு, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவர வேண்டியிருந்த ஊர்க்காரர்களுக்கு, கெட்ட நீர் நல்ல நீரோடு கலப்பது வாயுக் கசிவுக்கு இணையான தீங்கு என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கிணறுகளைக் கண்டுபிடித்தல்

நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள கிணறுகள் ஒரு பங்குதான். நிலம் கைமாறியது, கம்பெனி கைமாறியது, கோப்பு கரையானுக்குப் போனது என்று பல காரணங்களால் சில கிணறுகள் பதிவிலிருந்தே மறைந்திருக்கும். மூடிய எண்ணெய்க் கிணறுகளில் குழாயைத் தரைக்குக் கீழே ஓரிரு மீட்டர் ஆழத்தில் அறுத்து மண் போட்டுவிடுவது வழக்கம் என்பதால், மேலே நெல் விளைந்துகொண்டிருக்கும் இடத்தில் கீழே ஒரு கிணறு இருக்கக்கூடும். எஃகுக் குழாய் பூமியின் காந்தப்புலத்தைச் சற்றே கலைக்கும். காந்தமானியைத் தூக்கிக்கொண்டு நடந்தோ, ட்ரோனில் கட்டிப் பறக்கவிட்டோ அந்தக் கலைவைக் காணலாம். குழாயை உருவி எடுத்துவிட்டுக் கைவிட்ட கிணறு மட்டும் இதில் அகப்படாது. அதற்குப் பழைய விமானப் படங்களும், அந்தக் காலத்தில் ரிக்கில் கூலி வேலை பார்த்த பெரியவர்களின் ஞாபகமுமே துணை. பழைய வரைபடத்தின் ஆயத்தொலைவுகளை இன்றைய ஜி.பி.எஸ் கருவியில் அப்படியே போட்டுத் தேடாதீர்கள். முந்தைய இந்திய வரைபடங்கள் எவரெஸ்ட் நீளுருண்டை என்ற பழைய புவி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. உருமாற்றம் செய்யாவிட்டால் இடம் கணிசமாகத் தள்ளிப்போய், இருக்கிற கிணற்றை இல்லை என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

கோப்பைப் படித்தல்

எல்லாக் கிணறுகளையும் ஒரே கவனத்துடன் பார்க்கப் பணமும் காலமும் இருக்காது. மூடுபாறையைத் தொடாமல் மேலேயே நின்றுவிட்ட கிணறுகளைத் தனியே பிரித்துவிடலாம். மீதியில் சாய்வாகத் தோண்டப்பட்டவற்றை முன்னே வையுங்கள். சாய்ந்த துளையில் குழாய் ஒரு பக்கமாகப் படுத்துவிடுவதால் அந்தப் பக்கத்தில் சிமெண்ட் சரியாகப் புகாது. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கிணறுகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது சுமார் 4.6 சதவீதத்தில் கசிவு பதிவாகியிருந்தது. சாய்வான கிணறுகளும், குழாய்க்கு வெளியே சிமெண்ட் இல்லாத நீளம் அதிகமுள்ள கிணறுகளும் அதில் முன்னே நின்றன.

கோப்பில் முதலில் தேட வேண்டியது சிமெண்ட் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் எட்டரை அங்குலம், உள்ளே இறக்கிய கேசிங் குழாயின் வெளிவிட்டம் 7 அங்குலம் என்றால், இரண்டுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0118 கனமீட்டர் சிமெண்டுக் குழம்பு பிடிக்கும். 50 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து சுமார் 0.038 கனமீட்டர் குழம்பு கிடைக்கும். 200 மூட்டை போட்டதாகக் கோப்பு சொன்னால், மொத்தம் சுமார் 7.6 கனமீட்டர், அது குழாயின் அடியிலிருந்து ஏறக்குறைய 645 மீட்டர் உயரத்துக்கு வர வேண்டும். குழாயின் அடி 2,000 மீட்டரில் இருக்கிறது, மூடுபாறை 1,400 முதல் 1,500 மீட்டர் வரை இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், சிமெண்டின் தலை 1,355 மீட்டரில் நின்று மூடுபாறை முழுவதையும் போர்த்தியிருக்கும். கோப்பை எழுதியவரும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் கையெழுத்திட்டிருப்பார்.

ஆனால் களிப்பாறை தோண்டும்போதே கரைந்து சரியும் குணமுள்ளது. துளை எட்டரை அங்குலமாக நிற்காமல் பத்தரை அங்குலமாக அகன்றிருந்தால், மீட்டருக்கு 0.031 கனமீட்டர் தேவைப்படும். அதே 200 மூட்டை சுமார் 245 மீட்டர்தான் ஏறும். சிமெண்டின் தலை 1,755 மீட்டரில் நின்றுவிடும். மூடுபாறை முழுவதும் வெளிப்புறத்தில் வெற்றிடமாகவோ, பழைய தோண்டு சேறு நிறைந்தோ கிடக்கும். கோப்பின் எழுத்தில் எந்தப் பொய்யும் இல்லை, மூட்டைகளிலும் எவரும் கை வைக்கவில்லை. இரண்டே அங்குல அகலம் ஒரு நல்ல கிணற்றைக் கெட்ட கிணறாக்கிவிட்டது. ஆகவே துளையின் அகலத்தை அளந்த காலிப்பர் பதிவு கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிமெண்ட் உயரத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அறிக்கையில் எழுதக்கூடாது.

அடுத்து, கிணற்றைக் கைவிட்டபோது உள்ளே வைத்த சிமெண்ட் அடைப்புகளின் ஆழத்தை மூடுபாறையின் ஆழத்தோடு ஒரே தாளில், ஒரே அளவுகோலில் வரைந்து பாருங்கள். எண்ணெய் எடுத்த அடுக்கை அடைக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் வைத்த அடைப்பு, இப்போது நாம் சேமிக்கப்போகிற அடுக்குக்கு நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. குழாய்க்கு உள்ளே அருமையான அடைப்பும், அதே ஆழத்தில் குழாய்க்கு வெளியே ஒன்றுமில்லாத நிலையும் மிகச் சாதாரணம்.

களத்தில் பார்க்க வேண்டியது

நம் ஊர் போரில் இதை நேரடியாகக் காணலாம். கேசிங் குழாயை மேல்மண்ணும் இளகிய பாறையும் முடியும் வரை, 40 அடியோ 80 அடியோ இறக்கிக் கெட்டிப் பாறையில் உட்கார வைப்பார்கள்; குழாய்க்கும் துளைக்கும் இடையில் சுற்றிலும் மண்ணைத் தள்ளிவிடுவதோடு வேலை முடிந்துவிடும். ஐப்பசி மழை பிடித்த மறுநாள் மோட்டாரைப் போட்டால் 700 அடி ஆழத்துப் போரிலிருந்து செந்நிறத் தண்ணீர் வரும். அது 700 அடியிலிருந்து வந்ததல்ல. குழாயின் வெளிப்பக்கமாக மேல்தண்ணீர் வழிந்து, குழாய் பாறையில் உட்கார்ந்த இடத்தில் உள்ள சந்தில் புகுந்திருக்கிறது. குழாயில் காதை வைத்துக் கேட்டால் சொட்டுச் சத்தம்கூடக் கேட்கும். எண்ணெய்க் கிணற்றில் இதே சந்து, திசை மட்டும் மாறி, கீழிருந்து மேலே வேலை செய்கிறது.

தலைப்பகுதி வெளியே தெரியும் கிணறு என்றால் வளைய இடைவெளிகளின் வால்வுகளில் அழுத்தமானி பொருத்துங்கள். அழுத்தம் காட்டினால் மெதுவாக வெளியேற்றிச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, வால்வை மூடி, 24 மணி நேரம் எழுதிக்கொண்டே இருங்கள். திரும்ப ஏறவில்லை என்றால் அது வெயில் சூட்டால் விரிந்த பழைய அழுத்தமாக இருக்கலாம். திரும்பத் திரும்ப ஒரே அளவுக்கு ஏறினால் கீழே ஏதோ ஓர் அடுக்கிலிருந்து ஊட்டம் வந்துகொண்டிருக்கிறது. இந்த வேலையின்போது காற்றின் திசையைப் பார்த்து நிற்க வேண்டும். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் கிணற்றுத் தலையைச் சுற்றி வெட்டிய குழியில் தேங்கும். காற்றில் அதன் அளவு 4 சதவீதத்தை எட்டினாலே உயிருக்கு ஆபத்து. 1986இல் கேமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து இயற்கையாகவே வெளியேறிய கரியமில வாயு சுமார் 1,700 பேரைக் கொன்றது. பழைய கிணற்றின் கசிவு அந்த அளவில் இருக்காது என்றாலும், வாயு அளவைக் கருவி இல்லாமல் குழிக்குள் இறங்கக்கூடாது என்பதற்கு ஒருவர் உயிரே போதுமான காரணம்.

மண்ணிலுள்ள வாயுவை அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சாலேயே மண்ணுக்குள் கரியமில வாயு கணிசமாக இருக்கும். அது மழைக்குப் பின் கூடும், கோடையில் குறையும். கனடாவில் கரியமில வாயு செலுத்தப்பட்ட வேபர்ன் எண்ணெய் வயலருகே 2011இல் ஒரு பண்ணை நிலத்தில் சேமிப்பு வாயு கசிகிறது என்று புகார் எழுந்து, பிறகு நடந்த ஆய்வுகளில் அது மண்ணின் இயல்பான வாயுவே என்று தெரியவந்தது. செலுத்தத் தொடங்குவதற்கு முன்பே எல்லாப் பருவங்களிலும் அளந்து வைத்திருந்தால் இத்தகைய புகாருக்கு உடனே பதில் கிடைக்கும். அளக்காமல் விட்டால் உண்மையான கசிவையும் இயல்பென்று தள்ளிவிட நேரும்.

உள்ளே இறங்கும் கருவிகள்

சந்தேகத்துக்குரிய கிணற்றைத் திறந்து கருவிகளை இறக்குவது செலவான காரியம். சிமெண்ட் பாண்ட் லாக் என்ற கருவி குழாயில் ஒலியைத் தட்டி அது எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்கிறது. வெளியே சிமெண்ட் இறுகப் பிடித்திருந்தால், கையால் பிடித்த மணியைப் போல ஒலி அடங்கும். வெறும் குழாய் என்றால் கணீரென்று ஒலிக்கும். ஆனால் இந்தக் கருவி சுற்றிலும் உள்ள நிலையின் சராசரியைத்தான் சொல்கிறது. ஒரு பக்கமாக மட்டும் ஓடும் குறுகிய சந்து அதில் மறைந்துவிடலாம். சுற்றிலும் படம் பிடிக்கும் மீயொலிக் கருவியையும் சேர்த்து இறக்குவது நல்லது. குழாய்க்கும் சிமெண்டுக்கும் இடையில் தலைமுடி அளவு இடைவெளி இருக்கிறதா என்று அறிய, முதலில் சாதாரண அழுத்தத்திலும் பிறகு குழாய்க்குள் அழுத்தத்தை ஏற்றியும் இரண்டு முறை பதிவு செய்யுங்கள். அழுத்தம் ஏற்றும்போது பிடிமானம் கூடியது போலக் காட்டினால் அங்கே நுண்ணிய இடைவெளி உண்டு. எண்ணெய் எடுப்பவர் அதைப் பொறுத்துக்கொள்வார்; வாயுவைப் புதைப்பவர் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

குழாயின் உட்சுவர் அரிப்பைப் பல விரல் காலிப்பர் காட்டும். ஈரமில்லாத கரியமில வாயு எஃகை ஒன்றும் செய்யாது. நீரோடு சேர்ந்துவிட்டால் கார்பானிக் அமிலமாகிச் சாதாரண கார்பன் எஃகை வேகமாகத் தின்னும். சிமெண்ட் அவ்வளவு எளிதில் தோற்பதில்லை. டெக்சாஸின் சாக்ராக் எண்ணெய் வயலில் 1972 முதல் கரியமில வாயு செலுத்தப்பட்டது. அங்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் அந்த வாயுவுக்கு ஆட்பட்ட ஒரு கிணற்றின் சிமெண்டை வெட்டி எடுத்துப் பார்த்தபோது, பாறையோடு ஒட்டியிருந்த விளிம்பில் 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தடிமனுக்கு ஆரஞ்சு நிறமாக மாறியிருந்ததே தவிர, அடைக்கும் தன்மை பெரிதும் கெடவில்லை. இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக்கூடாது. அங்கே சிமெண்ட் இருந்தது. பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் சிமெண்ட் கரைந்தது அல்ல, இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமலே போனதும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் விட்டதும்தான்.

வற்றிப்போன எரிவாயு வயல் என்றால் அழுத்தம் குறைந்திருப்பதால் தொடக்கத்தில் வாயு வெளியே போகாமல் உள்ளேயே இழுக்கப்படும், அது வசதிதான். ஆனால் அழுத்தமுள்ள கரியமில வாயு அப்படிப்பட்ட வெற்றிடத்துக்குள் விரியும்போது கடுமையாகக் குளிரும். செலுத்து கிணறாகப் பழைய கிணற்றையே பயன்படுத்தினால் குழாய் சுருங்கிச் சிமெண்டை விட்டு விலகும் அபாயத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முடிவெடுத்தல்

ஒவ்வொரு கிணற்றுக்கும் மூன்றில் ஒரு முடிவு எழுத வேண்டும்: இப்படியே விடலாம், சரிசெய்ய வேண்டும், இந்தக் கிணறு இருக்கும் வரை இந்த இடமே வேண்டாம். சரிசெய்வது என்றால், மூடுபாறை உள்ள ஆழத்தில் குழாயில் துளையிட்டு வெளியே சிமெண்டைத் திணிக்கலாம். அது நம்பிக்கை தராவிட்டால் அந்த ஆழத்தில் குழாயை ஒரு நீளத்துக்குக் கடைந்தெடுத்துவிட்டு, பாறையிலிருந்து பாறை வரை முழு அகலத்துக்கும் புதிய அடைப்பு வைக்க வேண்டும். தகவல் இல்லாத கிணற்றை நடுத்தரம் என்று வகைப்படுத்தும் பழக்கம் அறிக்கைகளில் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. தகவல் இல்லாத கிணறு மோசமான கிணறாகவே பட்டியலில் நிற்க வேண்டும். அல்ஜீரியாவின் இன் சலா கரியமில வாயுச் சேமிப்புத் திட்டத்தில் 2007இல் கேபி-5 என்ற பழைய ஆய்வுக் கிணற்றின் தலையில் கரியமில வாயு கசிந்தது தெரியவந்தது. செலுத்தும்போது கலந்திருந்த தடயப் பொருளை வைத்து, அது 1 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த செலுத்து கிணற்றிலிருந்து வந்தது என்று உறுதி செய்தார்கள். பிறகு அந்தக் கிணற்றை முறையாக அடைத்தார்கள். இதையே செலுத்துவதற்கு முன் செய்வதற்குத்தான் இவ்வளவு மதிப்பீடும்.

அடைத்து முடித்த கிணற்றின் அறுத்த குழாய்த் தலையில் கிணற்று எண், அடைத்த தேதி, அடைப்பின் ஆழம் ஆகியவற்றைப் பொறித்த எஃகுத் தகட்டைப் பற்றவைத்து, இடத்தின் ஆயத்தொலைவையும் சர்வே எண்ணையும் அறிக்கையில் எழுதி, அதன் ஒரு படியைத் தாலுகா அலுவலகத்தின் நில ஆவணங்களோடும் சேர்க்கச் சொல்லுங்கள். நிலத்தை வாங்கும் புதியவர் வீடு கட்டக் கடைக்கால் எடுக்கும் நாளில், மண்வெட்டி அந்தத் தகட்டில்தான் முதலில் மோதும்.